சிப்பி திறக்கும் நேரம்

2015ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் மன்னாரில் இருந்தவர்களுக்கு எளிதில் மறக்காது. பொங்கலுக்கு முதல்நாள், ஜனவரி 14, திருத்தந்தை பிரான்சிஸ் மடுத் திருத்தலத்துக்கு வந்திருந்தார். மாவட்டமே அங்கே திரண்டிருந்தது. மறுநாள் வியாழக்கிழமை, அந்தக் களைப்பு தீராமலே பல வீடுகளில் பொங்கிப் படைத்து, சாப்பிட்டுச் சாய்ந்திருந்தார்கள். பிற்பகல் 3 மணி இருக்கும். சுவிட்சர்லாந்தில் அப்போது காலை 10.30. அந்த நாட்டின் தேசிய வங்கி ஓர் அறிவித்தலை வெளியிட்டது.

2011 செப்டம்பர் 6 முதல் அந்த வங்கி ஒரு வாக்குக் கொடுத்து வைத்திருந்தது. ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம், எவ்வளவு யூரோ வாங்க வேண்டி வந்தாலும் வாங்கி அதைத் தாங்குவோம் என்பதே அது. மூன்று வருடத்துக்கு மேலாகத் தாங்கியும் வந்தார்கள். அந்த வாரத் தொடக்கத்தில்கூட அவர்களின் உதவித் தலைவர், இந்தக் கொள்கை தொடரும் என்ற பொருளில் பேசியிருந்தார். பொங்கலன்று பிற்பகல் அந்த வாக்கு கைவிடப்பட்டது. சில நிமிடங்களுக்குள் யூரோ 1 பிராங்குக்கும் கீழே போய்விட்டது. டொலரும் அப்படியே சரிந்தது.

மன்னார்த் தீவிலும் அதன் கரையோர ஊர்களிலும் சுவிஸில் உறவுகள் உள்ள வீடுகள் பல. அந்த வாரம் 500 பிராங் அனுப்பியவரின் காசு, முந்திய வாரத்தை விடப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாக இங்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வேலை செய்யவில்லை. வாங்கியவர்களில் பலருக்கு ஏன் கூடியது என்றும் தெரியாது. அதே மணி நேரத்தில், யூரோ 1.20க்குக் கீழே இறங்கவே இறங்காது என்று நம்பிக் காசு கட்டியிருந்த உலகெங்குமுள்ள சிறு வியாபாரிகள், கணக்கில் இருந்ததெல்லாம் போய், மேலதிகமாகக் கடனும் பட்டார்கள்.

இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்று எங்கள் பொடியன்களின் போன்களில் நாணய வியாபாரச் செயலிகள் இருக்கின்றன. யூரோ, டொலர், யென் என்று வாங்கி விற்கலாம், அமெரிக்கச் செய்தி வரும் மாலையில் அரை மணித்தியாலத்தில் உழைக்கலாம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மாலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை.

முதலில் சோடி. நாணயத்துக்குத் தனியாக விலை கிடையாது. ஒன்றின் விலையை இன்னொன்றில்தான் சொல்லலாம். யூரோ-டொலர் 1.10 என்றால், ஒரு யூரோ வாங்க ஒரு டொலர் பத்துச் சதம் வேண்டும். உலகில் கூடுதலாகக் கைமாறும் சோடிகள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் டொலர் இருக்கும்: யூரோ, யென், பவுண், சுவிஸ் பிராங், கனேடிய, அவுஸ்திரேலிய, நியூசிலாந்து டொலர்கள். இவற்றையே முதன்மைச் சோடிகள் என்கிறார்கள். சர்வதேசத் தீர்ப்பனவு வங்கி 2022 ஏப்ரலில் எடுத்த கணக்கின்படி உலக நாணயச் சந்தையில் ஒரு நாளைக்குக் கைமாறும் தொகை 7.5 இலட்சம் கோடி டொலர். நூறு கொடுக்கல் வாங்கலில் எண்பத்தெட்டில் ஒரு பக்கம் டொலர். எனவே அமெரிக்காவில் இருந்து ஒரு புள்ளிவிபரம் வந்தால் எல்லாச் சோடியும் ஒன்றாக ஆடும்.

ஒரு நாணயத்தை மற்றவர்கள் ஏன் விரும்பி வாங்குகிறார்கள்? பல காரணம் உண்டு. நாள்தோறும் வேலை செய்யும் காரணம் வட்டி. டொலரில் போட்டால் 5 சதவீதம், யென்னில் போட்டால் ஒன்றுமில்லை என்றால் காசு டொலரைத் தேடிப் போகும். ஆகவே ஒரு மத்திய வங்கி இனி வட்டியைக் கூட்டுமா குறைக்குமா என்பதுதான் சந்தையின் ஓயாத கேள்வி. விலைவாசி, வேலைவாய்ப்பு, சில்லறை விற்பனை என்று மாதாமாதம் வரும் புள்ளிவிபரங்கள் அந்தக் கேள்விக்கான தடயங்கள். விலைவாசி வேகமாக ஏறினால் வட்டி கூடும், வேலையில்லாதோர் பெருகினால் வட்டி குறையும் என்று கணக்குப் போடுவார்கள்.

இதுவரைக்கும் எங்கள் பொடியன்களுக்குத் தெரியும். தடுமாறுவது அடுத்த படியில்.

பேசாலையில் எனக்கு மருமகன் முறையான ஒருவன் இருக்கிறான். தகப்பன் நண்டு வலை போடுகிறவர். 2022 நவம்பர் 10 மாலை அவன் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். முற்றத்தில் தகப்பன் வலையை விரித்து, கண்ணிகளில் சிக்கிக் கிடந்த நண்டுக் கால்களையும் சிப்பித் துண்டுகளையும் ஒவ்வொன்றாக உடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். மகன் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இரவு 7 மணிக்கு அமெரிக்காவின் ஒக்டோபர் மாத விலைவாசிக் கணக்கு வர இருந்தது. அவன் கணக்கில் 100 டொலர். வெளிநாட்டில் உள்ள நண்பன் போட்டுக் கொடுத்தது. அன்றைய விலைக்கு எங்கள் ரூபாயில் 36 ஆயிரம். அந்த நூறை வைத்துப் பத்தாயிரம் யூரோவை விற்று வைத்திருந்தான். செயலி அவ்வளவு கடன் தரும்.

7 மணிக்கு எண் வந்தது. விலைவாசி ஏற்றம் 7.7 சதவீதம். யூரோ ஒரே தாவலாக மேலே போனது. ஒரு சதவீதம் ஏறுவதற்குள் அவன் கணக்கு வெறுமையாகிவிட்டது. அவன் போனைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கேட்டான்:

“7.7 எண்டா கூடத்தானே மாமா? கூட எண்டா வட்டி கூட்டுவாங்கள், டொலர் ஏறத்தானே வேணும்?”

அவன் கேட்டதில் தர்க்கப் பிழை இல்லை. 7.7 என்பது அமெரிக்காவுக்கு மிகக் கூடிய எண்தான். ஆனால் சந்தை அதற்கு முன்பே 8 சதவீத அளவில் வரும் என்று எதிர்பார்த்து, அந்த எட்டுக்குரிய விலையை டொலருக்குக் கொடுத்து முடித்திருந்தது. எட்டு என்று நினைத்து வாங்கியவர்களுக்கு 7.7 ஏமாற்றம். எல்லோரும் ஒரே நேரத்தில் டொலரை விட்டுப் போகப் பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் யென்னுக்கு எதிராக டொலர் 146க்கு மேலிருந்து 141 அளவுக்கு விழுந்தது.

இதை அவனுக்கு விளக்க நான் தேடிய உதாரணம் தூரத்தில் இல்லை. எங்கள் கரையிலேயே இருந்தது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கம் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் விட்டார்கள். குளியாளர்கள் அள்ளி வந்த சிப்பிகளைக் கொட்டு என்ற அடைப்புக்குள் எண்ணிப் பங்கு பிரித்து, அரசின் பங்கை ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று இரவில் கூறி விற்பார்கள். வாங்குகிறவருக்கு உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் ஒன்றும் தெரியாமல் கேட்பதும் இல்லை. சலாபம் தொடங்குமுன் கடலடியில் சிப்பி விளையும் பார்களில் இருந்து மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பி எடுத்து, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு அரசு அறிவிக்கும். அந்த மதிப்பு எல்லோர் மனதிலும் இருக்கும். முதல்நாள் வாங்கியவர்கள் திறந்து பார்த்ததில் மதிப்பை விட நல்ல முத்து அகப்பட்டால் அடுத்த இரவு ஏல விலை ஏறும். சுமாரான முத்து அகப்பட்டால் இறங்கும். முத்தே இல்லாமல் போக வேண்டியதில்லை. எதிர்பார்த்ததைவிடக் குறைந்தாலே போதும், விலை இறங்க. கீழக்கரையில் இருந்தும் செட்டிநாட்டில் இருந்தும் வந்த வியாபாரிகள் அந்த இடைவெளியைத்தான் வாங்கி விற்றார்கள்.

அமெரிக்க விலைவாசிக் கணக்கும் திறக்காத சிப்பிதான். செயலிகளிலும் இணையத்திலும் உள்ள பொருளாதார நாட்காட்டியைத் திறந்தால் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று நிரல்கள் இருக்கும்: போன மாதம் வந்தது, இந்த மாதம் எதிர்பார்ப்பது, இப்போது வந்தது. எதிர்பார்ப்பு என்பது செய்தி நிறுவனங்கள் பல பொருளியலாளர்களிடம் கேட்டு நடுவில் எடுத்த எண். விலையை அசைப்பது இரண்டாம் நிரலுக்கும் மூன்றாம் நிரலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். என் மருமகன் மூன்றாம் நிரலை மட்டும் பார்த்தான். பக்கத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வேலைவாய்ப்புக் கணக்கில் போன மாத எண்ணையே திருத்தி வெளியிடுவார்கள். இந்த மாதம் நன்றாக வந்து, போன மாதம் பெரிதாகக் குறைத்துத் திருத்தப்பட்டிருந்தால் முதலில் ஏறிய டொலர் பத்து நிமிடத்தில் திரும்பி விழும்.

எங்கள் மணிக்கூட்டில் இவை வரும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விலைவாசியும் வேலைவாய்ப்பும் அங்கே காலை 8.30க்கு. இங்கே அது மாலை 6 மணி. அவர்கள் நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால், மார்ச் வரை இரவு 7. வேலைவாய்ப்புக் கணக்கு பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளியில் வரும். அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் ஆண்டுக்கு எட்டுத் தடவை கூடி முடிவைச் சொல்வது எங்களுக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30. இங்கிலாந்து வங்கி மாலை 4.30 அல்லது 5.30. ஐரோப்பிய மத்திய வங்கி 5.45 அல்லது 6.45, அதற்கு அரை மணி பின்னர் அதன் தலைவரின் செய்தியாளர் சந்திப்பு. ஜப்பான் வங்கிக்கு மட்டும் குறித்த நேரம் இல்லை. காலை 8, 9 மணியளவில் எந்த நேரத்திலும் வரலாம்.

புள்ளிவிபரம் ஒரு எண். மத்திய வங்கியின் முடிவு அப்படி இல்லை. வட்டியைக் கூட்டினார்களா குறைத்தார்களா என்பது பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்கப்பட்டு விலைக்குள் போயிருக்கும். மிச்சம் இருப்பது சொற்கள்: அறிக்கையில் போன தடவை இருந்த எந்த வாக்கியம் இந்தத் தடவை இல்லை, தலைவர் கேள்விக்குப் பதில் சொல்கையில் எங்கே தயங்கினார், உறுப்பினர்கள் அடுத்த வருட வட்டியை எவ்வளவு என்று கணிக்கிறார்கள்.

2024 செப்டம்பர் 18ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெடரல் ரிசர்வ் நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக வட்டியைக் குறைத்தது. கால் வீதமா அரை வீதமா என்று சந்தை இரண்டாகப் பிரிந்திருந்தது. குறைத்தது அரை வீதம், பெரிய குறைப்பு. பாடப்புத்தகப்படி டொலர் விழ வேண்டும். விழுந்தது, நிமிடக் கணக்கில். தலைவர் ஜெரோம் பவல் பேசத் தொடங்கி, இதே வேகத்தில் தொடர்ந்து குறைப்போம் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்ற பொருளில் சொன்னதும் விழுந்தது திரும்ப ஏறியது. ஒக்டோபர் 4 அன்று வந்த வேலைவாய்ப்பு எண் எதிர்பார்ப்பைத் தாண்டிப் போக, அதன் பிறகு நவம்பர் பிற்பகுதிவரை டொலர் ஏறுமுகமாகவே இருந்தது. வட்டி குறைத்த நாளில் டொலரை விற்று வைத்தவர் சரியான செய்தியைச் சரியாக வாசித்தும் நட்டப்பட்டார்.

இரண்டு வங்கிகள் எதிரெதிர்த் திசையில் திரும்பும் வேளைதான் மிக ஆபத்தானது. 2024 ஜூலையில் ஒரு டொலருக்கு 160 யென்னுக்கு மேல் கிடைத்தது. வட்டி இல்லாத யென்னைக் கடன் வாங்கி, வட்டி தரும் இடங்களில் போட்டு உலகமே உழைத்துக்கொண்டிருந்தது. ஜூலை 31 ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. உலகக் கணக்கில் ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு நாள் கழித்து அமெரிக்க வேலைவாய்ப்பு எண் எதிர்பார்த்த ஒன்றே முக்கால் இலட்சத்துக்குப் பதில் 1,14,000 என்று வந்தது. ஓகஸ்ட் 5 திங்கட்கிழமை டொலர் 142 யென் அளவுக்கு இறங்கிவிட்டது, டோக்கியோ பங்குச் சந்தை ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கடன் வாங்கிய யென்னைத் திருப்பிக் கொடுக்க எல்லோரும் ஒரே கதவுக்கு ஓடினார்கள்.

செய்தி வரும் அந்த ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சாதாரண நேரத்தில் யூரோ-டொலரை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒரு பிப் அளவே வித்தியாசம் இருக்கும். பிப் என்பது நான்காம் தசம இடம், 1.1000 என்பது 1.1001 ஆனால் ஒரு பிப். 6 மணிக்குச் சில விநாடிகள் முன்னே பெரிய வங்கிகள் தங்கள் விலைகளைச் சந்தையில் இருந்து எடுத்துவிடும். தெரியாத எண்ணுக்கு முன்னால் விலை சொல்ல அவை விரும்புவதில்லை. இடைவெளி ஐந்து, பத்துப் பிப்புக்கு விரியும். எண் வெளிவந்ததும் அதை முதலில் வாசிப்பது மனிதர் இல்லை, நியூயோர்க்கிலும் லண்டனிலும் உள்ள கணினிகள். கண் இமைக்கும் நேரத்துக்குள் அவை வாங்கி விற்று முடித்துவிடும். பேசாலையில் ஒருவர் திரையைத் தொட்டு, அது கோபுரம் ஏறி, சைப்பிரஸிலோ வேறு தீவிலோ உள்ள தரகரின் கணினிக்குப் போய்ச் சேரும்போது அந்த விலை பழையதாகிவிட்டது.

நட்டத்தை நிறுத்தும் கட்டளை போட்டிருக்கிறேன், பயமில்லை என்பார்கள். அந்தக் கட்டளை ஒரு விலையைத் தொட்டதும் ‘அடுத்துக் கிடைக்கும் விலைக்கு விற்றுவிடு’ என்று சொல்கிறதே தவிர, அந்த விலையிலேயே விற்றுத் தருவதாக உறுதி தரவில்லை. 2015 பொங்கலன்று 1.1950இல் கட்டளை போட்டிருந்த பலருக்கு அடுத்துக் கிடைத்த விலை 1 பிராங்குக்குப் பக்கத்தில்தான். இடையில் விலை சொல்ல ஆளே இல்லை. வாடிக்கையாளர்களின் கணக்குகள் பூச்சியத்துக்குக் கீழே போனதால் பிரித்தானியாவில் இயங்கிய அல்பாரி நிறுவனம் மறுநாள் முறிந்தது. அமெரிக்காவின் எப்எக்ஸ்சிஎம் 30 கோடி டொலர் அவசரக் கடனில் உயிர் பிழைத்தது. தரகர்களே அந்த நிலை என்றால் நூறு டொலர்க் கணக்கு எங்கே நிற்கும்?

கடன் மடங்கின் கணக்கையும் கையால் போட்டுப் பாருங்கள். 100 டொலரை வைத்துப் பத்தாயிரம் யூரோ பிடித்தால் ஒரு பிப் அசைவுக்கு ஒரு டொலர். முக்கியமான எண் வரும் மாலையில் யூரோ 60, 70 பிப் ஆடுவது வழமை. நூறு பிப்பில் முதல் முழுக்கப் போய்விடும், அது வெறும் ஒரு சதவீத அசைவு. ஐரோப்பியப் பத்திரங்கள், சந்தைகள் ஆணையம் 2018இல் இந்த மடங்கை முதன்மைச் சோடிகளுக்கு 30 என்று கட்டுப்படுத்தியது. அப்போது அது சொன்ன காரணம்: இவ்வகைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நட்டத்தில் முடிகின்றன. எங்கள் பொடியன்களுக்கு வரும் விளம்பரங்கள் 500 மடங்கு தருகிறோம் என்கின்றன.

தொழிலாகச் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பெரும்பாலானோர் எண் வருமுன் கையிலுள்ளதைக் குறைத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். எண் வந்து பதினைந்து, இருபது நிமிடம் போகட்டும், வாங்கும் விலையும் விற்கும் விலையும் பழையபடி நெருங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் இரண்டு வருடக் கடன்பத்திர வட்டி டொலர் போன திசையிலேயே போகிறதா என்று பார்ப்பார்கள். டொலர் ஏறி அந்த வட்டி ஏறாவிட்டால் அந்த ஏற்றத்தை நம்பமாட்டார்கள். இருபக்கமும் கட்டளை வைத்துவிட்டுக் காத்திருக்கும் உத்தியையும் வகுப்புகளில் கற்பிக்கிறார்கள். மேலே ஏறினால் வாங்கும், கீழே இறங்கினால் விற்கும் என்று. விலை மேலே ஒரு தாவல், கீழே ஒரு தாவல் போட்டால் இரண்டு கட்டளையும் மாட்டி இரண்டிலும் நட்டம். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கமாட்டேன். எண் வருமுன் பிடித்து வைப்பதை வியாபாரம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முத்து மதிப்பிடத் தெரியாமல் சலாபத்தில் ஏலம் கேட்டதும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வங்கி அட்டையில் வெளிநாட்டுக்குச் செலுத்தும் வசதி சொந்தத் தேவைக்கான பொருளும் சேவையும் வாங்கத் தரப்பட்டது. வெளிநாட்டுத் தரகரிடம் சூதாட்டக் கணக்குப் போல ஒன்றை நிரப்புவதற்கு அல்ல. அதனால்தான் தெரிந்தவர் மூலம், இடைத்தரகர் மூலம் என்று காசு போகிறது. போன காசைத் திருப்பிக் கேட்க இங்கே கதவு இல்லை. பாக் நீரிணைக்கு அப்பால் இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் அனுமதியற்ற நாணய வியாபாரத் தளங்களின் பெயர்ப்பட்டியலையே வெளியிட்டது. ‘உன் காசை நான் வியாபாரம் செய்து மாதம் இத்தனை வீதம் தருகிறேன், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடு’ என்று யாராவது சொன்னால் அது நாணய வியாபாரமே இல்லை. பிரமிட் திட்டம், வங்கித்தொழில் சட்டப்படி குற்றம்.

இனி, எனக்கு முக்கியமானது. மன்னாரில் நாணயச் சந்தைக்குள் நுழைய யாரும் செயலி இறக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நாங்கள் அதற்குள்தான் இருக்கிறோம். என் மருமகனின் தகப்பன் வலையில் இருந்து எடுக்கும் நண்டு, சதையாகி, அடைக்கப்பட்டு, வெளிநாட்டுக்குப் போகிறது. அதன் விலை டொலரில். கடலட்டையும் அப்படித்தான், கிழக்காசியச் சந்தைக்கு டொலரில் போகிறது. எருக்கலம்பிட்டியில் இருந்தும் முசலியில் இருந்தும் வளைகுடாவுக்குப் போனவர்களின் சம்பளம் றியாலிலும் திர்ஹமிலும். சவூதி றியால் 1986 முதல் டொலருக்கு 3.75 என்றும், அமீரகத்துத் திர்ஹம் 1997 முதல் 3.6725 என்றும் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் ஜித்தாவில் வேலை செய்பவர் உண்மையில் டொலரில் உழைக்கிறார். யூரோ ஏறினாலும் யென் விழுந்தாலும் அவர் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு உள்ளது ஒரே ஒரு சோடி, டொலர்-ரூபாய்.

சுவிஸ், லண்டன், நோர்வே, கனடா உறவுகள் உள்ள வீட்டுக்கு இரண்டு தட்டு. அந்த நாட்டு நாணயம் டொலருக்கு என்ன என்பது ஒன்று, டொலர் ரூபாய்க்கு என்ன என்பது மற்றது. 2022 செப்டம்பர் 23 அன்று பிரித்தானிய அரசு கடன் வாங்கி வரியைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. 26ஆம் திகதி பவுண் 1.04 டொலருக்கும் கீழே, வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த விலைக்குப் போனது. அந்தத் திங்கட்கிழமை லண்டனில் இருந்து காசு அனுப்பியவரின் வீட்டில் குறைந்தது. அதே நாளில் துபாய்க் காசு வந்த பக்கத்து வீட்டில் குறையவில்லை.

ரூபாயின் பக்கத்தை நாங்கள் உடம்பால் படித்தோம். 2021 செப்டம்பர் முதல் இலங்கை மத்திய வங்கி டொலரை 200 ரூபாயைச் சுற்றிப் பிடித்து வைத்திருந்தது. வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடத் தந்தார்கள். டொலருக்கு 10 ரூபாய் மேலதிகம் தருகிறோம் என்று டிசம்பரில் மத்திய வங்கி சொல்லிப் பார்த்தது, காசு உண்டியல் பக்கமே போனது. 2022 மார்ச் 7க்குப் பிறகு பிடி விடப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360. அந்த மார்ச் 22 அன்றுதான் நெருக்கடி தாங்காமல் மன்னார்க் கடல் வழியே இந்தியாவுக்குப் படகில் போன முதல் ஆட்கள் குழந்தைகளோடு தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டில் நின்றார்கள். ஏப்ரல் 8 அன்று புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தினார். பாடப்புத்தகப்படி ரூபாய் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நாட்டில் டொலர் இல்லை, நான்கு நாளில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதும் நிறுத்தப்பட்டது. வட்டி எவ்வளவு தந்தாலும் முதல் திரும்பி வருமா என்ற சந்தேகம் உள்ள இடத்துக்குக் காசு வராது. ரூபாய் தேறத் தொடங்கியது 2023 மார்ச்சில், சர்வதேச நாணய நிதியத்தின் உதவி உறுதியான வேளையில்.

டொலர் ஏறியதால் நண்டுக்கு ரூபாய் கூடியிருக்குமே என்று கேட்கலாம். கூடியது. ஆனால் 2022 ஓகஸ்ட் 22 அன்று ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயானது. அதற்கு முன்பு பல மாதம் வரிசையில் நின்றும் எண்ணெய் கிடைக்கவில்லை. டொலரில் விற்பவன் டொலரில் வாங்கவும் வேண்டியிருக்கிறது. அந்தத் தகப்பனுக்கு யூரோ-டொலர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் இந்தக் கணக்கை அவர் எந்தப் பொருளியலாளரையும் விடத் துல்லியமாகச் சொல்வார்.

ஆகவே செய்தி கேட்க விரும்புகிறவர் தன் வீட்டுக் காசு எந்த நாணயத்தில் வருகிறது என்று முதலில் பார்க்கட்டும். வளைகுடாக் காசு என்றால் கொழும்பைக் கவனித்தால் போதும். மத்திய வங்கியின் நாணயக் கொள்கைச் சபை இப்போது ஆண்டுக்கு ஆறு தடவை முடிவைச் சொல்கிறது, 2024 நவம்பர் முதல் ‘ஓரிரவுக் கொள்கை வீதம்’ என்ற ஒரே வட்டியை வைத்து. சுவிஸ் காசு என்றால் சுவிஸ் தேசிய வங்கி கூடும் நாளையும் ஒருகால் பார்க்கலாம். யென்னை எங்களில் யாரும் பார்க்கத் தேவையில்லை.

மருமகன் அந்தக் கணக்கை மீண்டும் நிரப்பவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியில் மூன்று நிரல் கீறி ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டு வருகிறான்: போன எண், எதிர்பார்த்த எண், வந்த எண். நான்காவதாக ஒரு நிரலும் அவனே சேர்த்தான், 6 மணிக்கும் 6.20க்கும் யூரோவின் விலை. எத்தனையோ மாதங்களில் எண் வந்ததும் விலை தாவிய திசையும் 6.20க்கு அது நின்ற திசையும் எதிரெதிராக இருப்பதைக் காட்டினான்.

போன கிழமை சூரிச்சில் இருந்து அவனுடைய பெரியம்மா கோல் எடுத்தா. தங்கச்சியின் வகுப்புக் காசு கட்ட வேண்டும், சுவிஸ் வங்கி அடுத்த வாரம் வட்டி முடிவு சொல்லப்போகிறது, பொறுத்து அனுப்பவா என்று கேட்டா.

“காசு எப்ப கட்ட வேணும்?” என்று அவன் உள்ளே திரும்பிக் கேட்டான்.

“வாற திங்கள்” என்றாள் தங்கச்சி.

“அப்ப இண்டைக்கே அனுப்புங்கோ பெரியம்மா.”